கோல் போட்டவனை வாங்கு

எதிரணி கோல் போட்டால் கிளப் முதலாளிகள் தலையில் கை வைப்பார்கள். கொஞ்சம் ரோஷக்காரராக இருந்தால் எழுந்து வீட்டுக்கே போய்விடுவார். நம் மாமனார் அப்போதுதான் நாற்காலியின் நுனிக்கு வருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். கோல் போட்டவன் மூலைக்கொடி வரை ஓடி, சட்டையைக் கழற்றிச் சுழற்றி, கூட்டாளிகளோடு கட்டிப் புரண்டு எழுகிற வரைக்கும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருக்கிற மாப்பிள்ளையின் முழங்கையில் ஒரு தட்டு தட்டுவார்.

"யாரு மாப்ள அந்தப் பையன்?"

இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். அந்தப் பையனை வாங்க வேண்டும். அவன் எந்த இடத்தில் ஆடுகிறான், வயது என்ன, முழங்கால் முழுசாக இருக்கிறதா, அதே இடத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே எத்தனை பேர் குந்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் மாமனாருக்கு அநாவசியம். நம்மை ஜெயித்தவன் நம்மிடமே வந்துவிட்டால் அப்புறம் நம்மை யார் ஜெயிப்பது என்பது அவருடைய சித்தாந்தம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கிளப்பின் உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். இந்தக் கோடி பெஞ்சிலிருந்து அந்தக் கோடி பெஞ்சு வரை கோல் போடுகிற ஆட்கள். கோலைத் தடுக்கிற ஆள் வேண்டுமென்றால் விளக்கு வைத்துத் தேட வேண்டும். தடுக்க ஆள் இல்லாததால் வாரா வாரம் யாராவது நம் மேல் கோல் போடுவான். போட்டவனை மாமனார் வாங்குவார். வாங்க வாங்க முன்வரிசை வீங்கியது, பின்வரிசை தேய்ந்தது, தேயத் தேய இன்னும் நிறையப் பேர் கோல் போட்டார்கள். இதற்குப் பெயர் அணி கட்டுவது என்று மாமனார் பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறார்.

கோச்சுகள் விஷயத்திலும் இதே கதைதான். எவனுடைய அணி நம்மை நாலைந்து கோலுக்குச் சாத்துகிறதோ அவன் அடுத்த மாதம் நம் கோச். வந்தவன் அணியைத் தலைகீழாகப் புரட்டுவான். ஒருத்தன் நீளமாக அடிக்கச் சொல்வான், அடுத்தவன் குட்டிக் குட்டியாகத் தட்டச் சொல்வான், அதற்கடுத்தவன் ஓடச் சொல்வான். ஆட்டக்காரர்கள் எதையும் முழுசாகக் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்வதற்குள் ஆள் மாறிவிடுவான் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

மாப்பிள்ளை இந்தக் கிளப்பின் செயலாளர். முன்னால் இதே கிளப்புக்கு லெஃப்ட் பேக் ஆடியவர். அதாவது பின்வரிசையில் இடது ஓரத்தைக் காவல் காக்கிற ஆள். முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டார். அதற்கு முன்பே முதலாளியின் மகளைக் காதலித்துக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் இவரைக் கட்டியதால் மாமனாருக்குக் கிளப் மேல் பாசம் வந்ததா, கிளப் மேல் இருந்த பாசத்தால் இவரை மன்னித்தாரா என்பது அந்தக் குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு. எப்படியோ, டிக்கெட் கிழிக்கிறவர் உட்பட கிளப்பில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். செயலாளர் என்று கூப்பிட்டவர் யாருமில்லை. அந்த மரியாதைக்குத் தகுந்த அதிகாரமும் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாமனார் முட்டாள் இல்லை. அவருடைய மெத்தை ஃபேக்டரிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் அதே பட்டறையிலிருந்து வரும், அதே மேஸ்திரி விளிம்புத் தையலைப் பார்ப்பார், அதே அடர்த்தியில் பஞ்சு போகும். யாராவது தன் தம்பிக்கு வேலை கேட்டு வந்தால் மாமனார் கேட்கிற முதல் கேள்வி, "எந்த மெஷினுக்கு?" என்பதுதான். மெஷின் காலியில்லை என்றால் கேட்டு வந்தவர் மந்திரியாக இருந்தாலும் டீ குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். கை பழகுகிற வரைக்கும் புது ஆளைத் திட்டக் கூடாது என்று மேஸ்திரிக்குக் கண்டிப்பான உத்தரவு. அதே மனிதர் காரில் ஏறி மைதானத்துக்கு வந்து இறங்கினால் மூளையை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டு வருவார்.

"அப்பாகிட்ட இதைச் சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்பாது" என்று மனைவி அடிக்கடி சொல்வாள். அவள் ஃபேக்டரியின் கணக்குகளைப் பார்க்கிறவள். அப்பாவிடம் எதையும் முகத்துக்கு நேரே பேசுவாள். கால்பந்து அவளுக்குப் பிடிக்காது என்பதால் அந்த விஷயத்தை மட்டும் கணவனின் பொறுப்பில் விட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு நாக்கு எழும்பாது என்பது உண்மை. ஆனால் ஒரு தடவை எழும்பியது, அதுவும் தப்பான வீட்டில்.

அது கயிறு கோச்சின் வீடு. மாப்பிள்ளையோடு ஒரே பின்வரிசையில் ஆடிய பழைய கூட்டாளி. வேறொரு ஊரில் ஒரு சின்ன கிளப்பை மூன்று வருஷம் பொறுமையாக வளர்த்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர். பயிற்சி மைதானத்தில் கயிறு கட்டிக் கட்டம் பிரிப்பார். பந்து இந்தக் கட்டத்தில் இருந்தால் யார் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவருடைய ஆட்கள் சொல்வார்கள். பட்டப் பெயர் அப்படித்தான் வந்தது. அவரைக் கூட்டி வர மாப்பிள்ளை போனபோது சமையலறையில்தான் உட்கார வைத்தார்கள். கோச்சின் மனைவி குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காய் நறுக்கிக்கொண்டே, போன மூன்று வருஷத்தில் உங்கள் கிளப்பில் எத்தனை கோச் அண்ணா என்று கேட்டாள்.

மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு கை போதவில்லை.

"கொஞ்சம் ஜாஸ்திதாம்மா" என்றார்.

"நான் இந்த வேலையை விட்டுட்டு வரணும். பசங்களுக்கு ஸ்கூல் மாத்தணும். அதுக்குத்தான் கேக்குறேன்."

"ரெண்டு சீசன். யாரும் இவன் மேல கை வைக்க மாட்டாங்க. இது என் வார்த்தை."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சரி என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் மாப்பிள்ளைக்குத் தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. வார்த்தை கொடுப்பது அத்தனை சுலபம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

கயிறு கோச் வந்ததும் கேட்டது மூன்றே ஆட்கள். காலால் பந்தை ஆளத் தெரிந்த ஒரு கீப்பர், நடுவில் நின்று எல்லோரையும் இழுத்துப் பிடிக்கிற ஒருவர், இடது காலால் ஆடுகிற ஒரு லெஃப்ட் பேக். மாப்பிள்ளையும் அவரும் வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன மைதானங்களில் வெயிலில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். லெஃப்ட் பேக்கை மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். கப்பல் பட்டறை ஊழியர் அணியில் ஆடுகிற ஒல்லி ஆள். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் அவன் பக்கம் பந்தே போகாது, ஏனென்றால் அங்கே போய் எதிரணிக்குப் பிரயோஜனம் இல்லை. இப்படிப்பட்ட ஆளைப் பார்த்து மகிழ்ச்சி அடைய இன்னொரு லெஃப்ட் பேக்கால்தான் முடியும். மாப்பிள்ளை அன்று பூரித்துப் போனார்.

வீடியோவை மாமனாருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் கடைசி வரை பார்த்துவிட்டு, "இவன் கோலே போடலையே மாப்ள" என்றார். போட விடாமல் தடுக்கிறவன் மாமா என்று விளக்கினார் மாப்பிள்ளை. அதற்குத்தான் கீப்பர் இருக்கிறானே, ஒரே வேலைக்கு ரெண்டு ஆளா என்றார் மாமனார். கீப்பரையும் நடு ஆட்டக்காரரையும் வாங்கச் சம்மதித்தார். பட்டறை ஆளை அப்புறம் பார்க்கலாம் என்றார். மாமனார் அப்புறம் என்று சொன்னால் அந்த விஷயத்தைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

கயிறு கோச் அதற்கும் அசரவில்லை. குவிந்து கிடந்த கோல்காரர்களில் எக்ஸ்பிரஸ் என்று பேர் வாங்கிய ஒருவனைப் பிடித்து, லெஃப்ட் பேக்காகப் பழக்கினார். முதலில் எல்லோரும் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். துணி காயப் போட வசதியாக இருக்கிறது என்று ஒருத்தன் ஈர சட்டையைத் தொங்கவிட்டான். கோச் அந்தச் சட்டையை எடுத்து மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, நீ நிற்க வேண்டியது இரண்டாவது கட்டம் என்றார். மழையிலும் அதே பயிற்சி, ஜெயித்த மறுநாளும் அதே பயிற்சி, தோற்ற மறுநாளும் அதேதான். மெதுமெதுவாக ஒரு அதிசயம் நடந்தது. அடுத்தடுத்து நாலு ஆட்டத்தில் யாரும் நம் மேல் கோல் போடவில்லை.

கிளப்பில் எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. மாமனார் நாற்காலியில் நெளிந்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார். முழங்கையைத் தட்டுவதற்கு வழியில்லாமல் கை நமநமத்தது. அணி பட்டியலில் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அவரோ கடை பூட்டியிருப்பதைப் பார்த்த வாடிக்கையாளர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஆட்டம் துறைமுக அணியோடு. ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். கடைசி நேரத்தில் எக்ஸ்பிரஸ்ஸுக்குப் பழைய புத்தி திரும்பி, தன் கட்டத்தை விட்டு மேலே ஓடிவிட்டான். திரும்பி ஓடி வந்தவன் அவசரத்தில் ஒருத்தன் காலை வாரினான். பெனால்டி. வழக்கமாக அடிக்கிறவன் பந்தை எடுத்து வைத்தான். உடனே துறைமுக அணியின் பெஞ்சிலிருந்து கையைக் காட்டினார்கள். அவன் விலகிக்கொண்டான். அப்போதுதான் உள்ளே வந்திருந்த, தலையில் கொண்டை போட்ட, தொப்பை எட்டிப் பார்க்கிற ஒரு பழைய ஆள் முன்னால் வந்தான். மெதுவாக ஓடி வந்து அடித்தான். கோல். ஆட்டம் சமன்.

மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முகத்தில் பல வாரமாகக் காணாத வெளிச்சம். மாப்பிள்ளை முழங்கையை மெல்ல நகர்த்திப் பார்த்தார். தப்ப முடியவில்லை.

ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது துறைமுக அணியின் செயலாளர் வந்து தோளில் கை போட்டார். நல்ல மனிதர், வயதானவர். கொண்டையைப் பற்றிப் பேச எப்போது வருகிறீர்கள் என்று அவரே கேட்டார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். பெரியவர் சிரித்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நாங்க மட்டுமில்ல, லீக்ல எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. போணியாகாத சரக்கு இருந்தா உங்க மேட்ச் வரைக்கும் வெச்சிருப்போம். ஒரு பெனால்டி கெடைச்சா அடிக்க விடுவோம். மறுநாளே உங்க மாமனார் போன் வந்துடும்."

மாப்பிள்ளை டீ டம்ளரைக் கீழே வைத்தார். பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மூன்று கோல் முன்னணியில் இருக்கும்போது எதற்காகவோ உள்ளே இறக்கப்பட்ட கிழடுகள். கோலுக்கு முன்னால் பந்தைத் தானே அடிக்காமல் பக்கத்தில் தள்ளிவிட்ட நல்லவர்கள். போன வருஷம் ஒரு கிளப் தன் கீப்பரையே பெனால்டி அடிக்க அனுப்பியது. என்ன துணிச்சல் என்று மாமனார் மெய்சிலிர்த்தார். அவனையும் வாங்கினோம். நாம் ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறோம், மற்றவர்கள் நம் மைதானத்தில் சந்தை நடத்தியிருக்கிறார்கள். லீக் முழுக்கத் தெரிந்த இந்த விஷயம் தெரியாத ஒரே செயலாளர் அவர்தான். 

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொண்டை வந்து சேர்ந்தான். புதிதாக வருகிற எல்லோருக்கும் கொடுப்பது போல அவனுக்கும் ஃபேக்டரியிலிருந்து ஒரு ஸ்பிரிங் மெத்தை போனது. அவன் மட்டும்தான் அதை முழுமையாகப் பயன்படுத்தினான். பயிற்சிக்கு எப்போதும் தாமதமாக வந்தான். கயிறு கோச் அவனுக்கு ஒரு கட்டம் காட்டினார். அவன் அதில் நின்றான், அங்கேயே நின்றான், பந்து வந்தபோதும் நின்றான். கோச் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் சாப்பாடு. தட்டில் கை வைத்ததுமே ஆரம்பித்தார். பெஞ்சில் வைத்து அழகு பார்க்கவா வாங்கினேன் என்றார். நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்காமல் ஆடுவதெல்லாம் ஒரு ஆட்டமா, ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள், தூங்கியே போகிறார்கள் என்றார்.

"தூங்க வைக்கிறதுதானேப்பா நம்ம தொழில்" என்றாள் மகள்.

மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. கயிறை அனுப்பிவிட்டு, போன வாரம் இன்னொரு அணியை ஐந்து கோலில் தோற்கடித்தவரைக் கொண்டு வருவதாக முடிவு செய்தாயிற்று என்றார். மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இதற்கு மேலும் உட்கார்ந்திருப்பீர்களா என்று பொருள்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். "மாமா, கொண்டையை எந்த மெஷினுக்கு எடுத்தீங்க?" என்றார்.

"என்னது?"

"ஃபேக்டரியில கேப்பீங்களே. எந்த மெஷினுக்குன்னு. இங்க ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? பின்னாடி இடது பக்கம் மெஷின் வருஷக்கணக்கா ஆளில்லாம கிடக்கு. நீங்க திரும்பத் திரும்ப ஒரே மெஷினுக்கு ஆள் எடுக்குறீங்க."

மாமனார் மெல்லுவதை நிறுத்தினார். மாப்பிள்ளைக்கு அதுவரை இல்லாத தைரியம் வந்தது. போணியாகாத சரக்கு பற்றியும், பெனால்டி பற்றியும், பெரியவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். மாமனார் முழுசாகக் கேட்டார். ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பொறாமை மாப்ள. விட்டுக் குடுத்துட்டோமேன்னு வயித்தெரிச்சல்ல பேசுறாங்க. ஃபேக்டரி தொழில், இது விளையாட்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"மாமா, ரெண்டு சீசனுக்கு நான் அவங்களுக்கு வார்த்தை குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க" என்று மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் குடுக்கலையே."

அவர் போனால் நானும் போகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். மனைவி காத்திருந்தாள். மாப்பிள்ளை இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செய்தியைச் சொல்கிற வேலையும் அவருக்குத்தான் வந்தது. கயிறு கோச் மைதானத்தில் தனியாக மறுநாளுக்காகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கட்டியதை அவிழ்க்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. கடைசி முடிச்சை அவிழ்த்துவிட்டு, "அவகிட்ட நீயே வந்து சொல்றியா, இல்ல நானே சொல்லிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். நீயே சொல்லிவிடு என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஸ்பிரிங் மெத்தை மட்டும் கிளப் வாசல் படியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

புதுக் கோச் வந்தார். கயிறு இல்லை, கட்டமும் இல்லை, எல்லோரும் முன்னால் ஓடுங்கள் என்றார். எக்ஸ்பிரஸ் ஆனந்தமாக முன்வரிசைக்குத் திரும்பினான். இடது பக்கம் கதவில்லாத வீடானது. வருகிறவன் போகிறவனெல்லாம் கோல் போட்டான், மாமனார் முழங்கையைத் தட்டித் தட்டி மாப்பிள்ளைக்கு அங்கே தோல் தடித்துவிட்டது. அந்தக் கோச்சும் போய் இன்னொருவர் வந்தார். பட்டியலில் மேலே இருந்த அணி படிப்படியாகச் சரிந்து கீழே போய்க்கொண்டே இருந்தது.

அதற்குள் லீக்கின் அடியில் கிடந்த ஒரு கிளப் கயிறு கோச்சைக் கூப்பிட்டுக்கொண்டது. அவர் அதே கயிற்றோடு போனார். ஒரே ஒரு ஆள் கேட்டார். கப்பல் பட்டறை ஆளை. அவர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு எதிலும் மூக்கை நுழைக்காமல் இருந்தார்கள். சீசனின் கடைசி ஆட்டத்துக்கு அந்த அணி நம் மைதானத்துக்கு வந்தது. தோற்கிறவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தன் இடத்தில் நின்றார்கள். நாம் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றோம். முதல் கோல் நம் இடது பக்கமாக வந்தது. இரண்டாவது கோலைப் போட்டது, நம்ப மாட்டீர்கள், அந்த ஒல்லி லெஃப்ட் பேக். முன்னால் வருகிற வழியில் யாருமே குறுக்கே வராததால் வேறு வழியில்லாமல் போட்டான். போட்டுவிட்டு எப்படிக் கொண்டாடுவது என்று தெரியாமல் விறுவிறுவென்று தன் இடத்துக்கே திரும்பி ஓடினான். கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஊதினார்கள். கிளப் கீழே இறங்கிவிட்டது. மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யாரு மாப்ள அந்தப் பையன்?"

"போன வருஷம் நான் காட்டினேனே மாமா. கப்பல் பட்டறை ஆளு."

மாமனாருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அப்பவே ஏன் வாங்கல?"

மாப்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தார். மாமனார் அதற்குள் எதிரணிப் பெஞ்சுப் பக்கம் கையை நீட்டி, அந்தக் கோச் யார் என்றார். நம் கயிறுதான் மாமா என்றதும் ஒரு கணம் யோசித்தார். வெட்கப்படுவார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார். வெட்கமாவது.

"அவரையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க. ஒரு சீசன்ல ஒண்ணும் ஆகாது மாப்ள, பொறுமையா கட்டணும். ரெண்டு சீசன் யாரும் தொட மாட்டாங்கன்னு வார்த்தை குடுங்க."

மாப்பிள்ளை போனார். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் இந்த முறை கோச்சின் சமையலறையில் சொல்ல அவருக்கு ஒரு விஷயம் இருந்தது. வீடு முன்னதைவிடச் சின்னது. கோச்சின் மனைவி உள்ளே வாருங்கள் என்றாள், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. பழைய ஆஸ்பத்திரி வேலை திரும்பக் கிடைக்கவில்லை, ஒரு டாக்டரின் கிளினிக்கில் இருக்கிறாள் என்று கோச் சொன்னார். மாப்பிள்ளை நின்றபடியே மாமனார் சொன்னதைச் சொன்னார். அவள் முகம் மாறவில்லை.

"வராதீங்கன்னு சொல்லத்தான் நான் வந்தேன்" என்றார் மாப்பிள்ளை.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம் அண்ணா. உங்க மாமனாரைப் பத்தி ஊருக்கே தெரியும். அவரை நம்பி நாங்க வரல. உங்களை நம்பி வந்தோம்."

  அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். கோச்தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எனக்கு ஆள் பாக்க ஒருத்தன் வேணும்டா" என்றார். "ஊர் ஊரா அலையணும், சம்பளம் சுமார். உன் கண்ணு நல்ல கண்ணு. நாக்குதான் சரியில்ல. இது நாக்குக்கு வேலையில்லாத வேலை."

மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தார். அடுப்புப் பக்கத்திலிருந்து எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை, வரவேற்பும் வரவில்லை. அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் ஃபேக்டரி அலுவலகத்துக்குப் போனார். மாமனார் ஒரு மெத்தையின் விளிம்புத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்து மேஜையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு வரமாட்டார் என்றார் மாப்பிள்ளை. எதற்கு இவ்வளவு பிகு பண்ணுகிறான் என்று மாமனார் கேட்டார்.

"அவர் வரல. நான் போறேன் மாமா. அவங்க கிளப்புக்கு ஆள் பாக்குற வேலைக்கு. உங்க மருமகனா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வருவேன். செயலாளரா இனிமே வரமாட்டேன். நீங்க மெத்தை தைக்கிற அழகுல பாதி அழகா அணி கட்டியிருந்தா எனக்கு இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்திருக்காது."

இவ்வளவையும் தண்ணீர் குடிக்காமல் சொன்னார்.  மனைவி கணக்கிலிருந்து தலையைத் தூக்கி, கல்யாணத்துக்கு முன்பு மைதானத்தில் பார்த்த மாதிரி அவரைப் பார்த்தாள். மாமனார் விரலைத் தையலிலிருந்து எடுத்தார். மாப்பிள்ளை வெளியே வந்து ஜன்னலோரம் நின்று, செருப்பை மாட்டினார்.  உள்ளே மாமனாரின் நாற்காலி கிரீச்சிட்டது. நுனிக்கு வருகிறார் என்று மாப்பிள்ளைக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"நம்ம மாப்ளையாம்மா இப்படிப் பேசுறது?" அந்தக் குரலில் கோபம் இல்லை, ஆசை இருந்தது. "என்ன குடுத்தா வருவாருன்னு கேட்டுப் பாரேன்."

"கூட்டிட்டு வந்து என்னப்பா பண்ணப் போறீங்க? பெஞ்சுலதானே உக்கார வைப்பீங்க?"

மாமனார் யோசித்தார். கிளப்பை வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, ஆளை எந்த இடத்துக்கு எடுப்பது என்று யோசித்தார். வெளியே நின்ற மனிதருக்கு வயது நாற்பத்தைந்து, ஒரு முழங்காலில் சவ்வு இல்லை.

"ஏன், லெஃப்ட் பேக் இடம் காலியாத்தானேம்மா இருக்கு" என்றார்.